போஸ்டரில் பெரிய முகம்

கைய விடுங்க தம்பி. மொதல்ல கைய விடுங்க. நான் எங்கயும் ஓடிப் போக மாட்டேன், ஓடுற வயசா இது? சாத்தூர் பஸ்ஸு வந்தா ஏறிப் போகப் போறேன், அம்புட்டுதான். நீங்க பாட்டுக்கு வந்து கையப் பிடிச்சு, 'வாங்கய்யா, இப்படி உக்காருங்கய்யா'ன்னு கடைக்குள்ள இழுத்துட்டு வந்து, ஸ்டூலப் போட்டு, டீயக் குடுத்து, பன்னக் குடுத்து... நல்ல மனசுதான், இல்லேங்கல. ஆனா நான் தொலைஞ்சு போன ஆளு இல்ல.

பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. அந்தத் தூணப் பாக்கிறீங்க, என் மூஞ்சியப் பாக்கிறீங்க. திரும்பத் தூணப் பாக்கிறீங்க. ஆமா, போஸ்டர்ல இருக்கது என் படந்தான். அதுக்கு மேல 'காணவில்லை'ன்னு போட்டிருக்கதும் வாஸ்தவந்தான். ஆனா காணாமப் போனது நான் இல்ல, எங்க அப்பா. நான் தேடுற ஆளு. தேடுற ஆளப் பிடிச்சு உக்கார வச்சுட்டா தேடுறது யாரு?

என்னது? போஸ்டர்லயே போட்டிருக்கா? எதப் போட்டிருக்கு? வாசிங்க. 'சற்று மறதி உள்ளவர். தான் தொலையவில்லை என்றே சாதிப்பார். கோபமாகப் பேசுவார். தவறாக எண்ணாமல் அன்புடன் பிடித்து வைத்துத் தகவல் தரவும்.' அட, அத எழுதுனதே நாந்தானய்யா! எங்க அப்பாவ மனசுல வச்சு எழுதுனேன். இப்ப அது என் தலையிலயே வந்து விடியுது பாருங்க. நான் வாயத் தொறந்து 'நான் தொலையல'ன்னாலே 'ஆமாமா, அப்படித்தான் போட்டிருக்கு'ங்கிறீங்க. கோவப்பட்டா இன்னும் நல்லாத் தலையாட்டுறீங்க. நான் என்னதான் செய்யட்டும்?

சரி, உங்க போன எடுங்க. போஸ்டர்ல மொத நம்பரு எதுவோ அதுக்கு அடிங்க. அடிங்க, காசா பணமா. ம். கேக்குதா, என் பையில அடிக்குது! இப்ப என்ன சொல்றீங்க? என்னது... வீட்டுக்காரங்க விவரமா போனையும் என் பையிலயே போட்டு விட்டிருக்காங்களா? எம்மா! உங்ககிட்ட மாரடிக்க முடியாது சாமி.

ஆதார் கார்டு என் கடைக் கல்லாவுல இருக்கு. என் பேரு சந்தனப்பாண்டி. சாத்தூர் மெயின் பஜார்ல அரிசி மண்டி. வணிகர் சங்கச் செயலாளர், ஒரு நாளு ரெண்டு நாளா இல்ல, பல வருசமா. சாத்தூர்ல போய் என் மூஞ்சியக் காட்டி யாருன்னு கேளுங்க, பச்சப்புள்ள சொல்லும். இங்க கோவில்பட்டியில தெரியல. அது உங்க குத்தம் இல்ல. ஒரு வாரமா சவரம் பண்ணல, பஸ்ஸுலயும் பஸ் ஸ்டாண்டுலயும் கெடந்து சட்டை கசங்கிப் போச்சு. இந்தக் கோலத்துல பாத்தா யாருக்குந்தான் சந்தேகம் வரும், ஒத்துக்கிறேன்.

யாரு வர்றா? அந்த மூட்டை தூக்குறவர ஸ்டேஷனுக்கு அனுப்பிச்சீங்களே, போலீஸ் ஸ்டேஷனுக்கா? ரயில்வே ஸ்டேஷனுக்கா? அங்க யாரு இருக்கா? சரி சரி, யாரா இருந்தா என்ன, வரட்டும். நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க, அப்புறம் சொல்லுவீங்க. நான் சொல்றத மொதல்ல முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு.

எங்க அப்பா பேரு அய்யாத்துரை. எண்பத்தொண்ணு முடிஞ்சிருச்சு. லாரி செட்டுல புக்கிங் பாத்தவரு. அந்தக் காலத்துல எந்த லோடு எந்த ஊருக்கு எந்த வண்டியிலன்னு மனப்பாடமாச் சொல்லுவாரு. இப்ப மூணு நாலு வருசமா அது எல்லாம் போயிருச்சு. ஒரு நாளைக்குத் தெளிவா இருப்பாரு, 'ஏலே பாண்டி, அந்த ஈரோட்டு வியாபாரிய நம்பாத'ம்பாரு. மறுநாளு என்னையே 'நீங்க யாரு வீட்டுப் புள்ள?'ம்பாரு. அப்படிக் கேக்கும்போது நெஞ்சு ஒரு மாதிரி ஆயிரும் தம்பி. பழகிருச்சுன்னு வெளிய சொல்லுவேன். பழகல.

ஒண்ணு மட்டும் அவருகிட்ட மாறவே இல்ல. எழுத்தக் கண்டா விட மாட்டாரு. பஸ் போர்டு, கடை போர்டு, சுவரு, எதுவா இருந்தாலும் நின்னு சத்தமா வாசிச்சுட்டுத்தான் நகருவாரு. கண்ணு மங்கிப் போச்சு, கண்ணாடிக்கு ஒரு பக்கக் கம்பு ஒடிஞ்சு நூலு போட்டுக் கட்டியிருக்கு. அதனால பெருசா இருக்கதுதான் தெரியும், சின்ன எழுத்துன்னா விட்டுருவாரு. கடைக்கு எதுத்தாப்புல நாற்காலியப் போட்டு உக்கார வச்சா, போற வர்ற லாரியப் பூராம் வாசிச்சுக்கிட்டு இருப்பாரு. போன வெள்ளிக்கிழமை அப்படித்தான் உக்காந்திருந்தாரு. மூட்டை இறங்குற நேரம், எடையப் பாத்துட்டுத் திரும்புறேன், நாற்காலி காலியா இருக்கு.

எதாவது லாரி ஊர் பேர வாசிச்சு, வேலைக்குப் போகணும்னு பஸ்ஸு ஏறிட்டாரோ என்னவோ. அந்த நாற்காலிய இன்னும் நான் உள்ள எடுத்துப் போடல. அது அங்கனயே கெடக்கட்டும்னு சொல்லிட்டேன். ராத்திரியானா அவருக்குக் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், யாராவது தைலம் தேய்ச்சு விடணும். யாரு தேய்ப்பா? அத நெனச்சா எனக்குச் சோறு இறங்கல தம்பி. நீங்க குடுத்த பன்னு கூட, பாருங்க, பாதியில நிக்குது.

போலீஸ்ல சொன்னோம், எழுதிக்கிட்டாங்க. சரி, போஸ்டர் அடிச்சு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் ஒட்டிருவோம்னு நான் கிளம்புனேன். அங்கதான் வந்தா எங்க தங்கச்சி.

பூங்கனின்னு பேரு. எனக்கு நேர் இளையவ. வீட்டுலயே சீயக்காய்ப் பொடி அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிறா. மகளிர் குழுவுல ரெண்டு நாளு ஒரு பயிற்சி குடுத்தாங்களாம், பாக்கெட்டு மேல ஒட்டுற தாளு எப்படி இருக்கணும், நோட்டீஸ் எப்படி எழுதணும்னு, படம் வரையத் தெரியாதவங்களுக்கு. ரெண்டே நாளு! அதுல போய் உக்காந்து எந்திரிச்சு வந்தா, அதுக்கப்புறம் அவளுக்குக் கண்ணுல படுறது எல்லாம் குத்தம். என் கடை போர்டு குத்தம். கல்யாணப் பத்திரிகை குத்தம். கோயில் கொடை நோட்டீஸ் குத்தம். 'இதுல எத மொதல்ல வாசிக்கணும்ணே?'ன்னு கேப்பா. எல்லாத்தையுந்தான் வாசிக்கணும், வாசிக்கத்தான அடிச்சிருக்கு! தாள மாத்துனதுல இருந்து அவ பொடி கொஞ்சம் கூட ஓடுதுன்னு சொல்லுவா. ஓடுது, இல்லேங்கல. அது பொடி நல்லா இருக்கதுனால ஓடுது.

அவ ஒரு தாளுல பென்சில்ல வரைஞ்சு கொண்டாந்தா. பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மேல 'காணவில்லை'ன்னு ஒரு வார்த்தை. நடுவுல அப்பா மொகம் மட்டும் பெருசா. அதுக்குக் கீழ பேரு, வயசு, நூலு கட்டுன கண்ணாடி. அதுக்குக் கீழ ஒரே ஒரு போன் நம்பரு, கொட்ட எழுத்துல. முடிஞ்சது. சுத்தி வெறும் வெள்ளை. 'என்னத்தா இது, பாதித் தாளு சும்மா கெடக்கு?'ன்னேன். 'சும்மா கெடக்கல, அந்த எடம் இருந்தாத்தான் மொகம் தெரியும்'ங்கிறா. காசு குடுத்து வாங்குற தாளு. அதுல பாதிய வெறுசா விடணுமாம். அரிசி மூட்டையில பாதிய வெறுசா விட்டு வித்தா விடுவாங்களா?

நான் போஸ்டர் தெரியாத ஆளா? சங்கத்துக்கு ஆண்டு விழா, முப்பெரும் விழா, தலைவர் வீட்டுக் காதுகுத்து, எல்லாம் நான் சொல்லித்தான அடிக்கிறாங்க. போஸ்டர்னா அதுக்கு ஒரு முறை இருக்குல்ல. மேல சாமி. சாமிக்குக் கீழ, முட்டை வடிவத்துல பெரியவங்க படம், மாலையோட. நடுவுல விசயம். பக்கத்துல அழைக்கிறவரு, கும்பிட்ட மாதிரி. கீழ வரிசையா சொந்தபந்தம். ஒரு பேரு விட்டுப் போனா அடுத்த விசேசத்துக்கு வர மாட்டான். இது எல்லாருக்கும் தெரிஞ்ச முறை. இத இன்னைக்கு ரெண்டு நாளு கிளாஸுக்குப் போனவ மாத்துறாளாம்.

'அண்ணே, இது விசேசம் இல்ல. நம்ம அப்பாவக் காணோம்'னா. எனக்குத் தெரியாதா காணோம்னு?

படத்துலயே மொத சண்டை. அவ போன மாசம் தன் போன்ல எடுத்த படம் ஒண்ணு வச்சிருந்தா. வெள்ளைத் தாடி, பனியன், நூலு கட்டுன கண்ணாடி, வாயில பல்லு இல்லாம சிரிக்கிறாரு. இதப் போடுங்கிறா. எங்க அப்பாவ, அய்யாத்துரைய, பனியனோட ஊரு பூராம் ஒட்டுறதா? பாக்கிறவன் என்ன சொல்லுவான், புள்ளைங்க ஒரு சட்டை கூட வாங்கிக் குடுக்கலன்னு சொல்ல மாட்டானா? நான் அறுபதாம் கல்யாணத்துப் படத்த எடுத்துக் குடுத்தேன். பட்டுச் சட்டை, திருநீறு, கழுத்துல மாலை, கருகருன்னு தலைமுடி. ராசா மாதிரி இருப்பாரு. அவரு தொலைஞ்சு போனாலும் மரியாதையாத்தான் தொலையணும்.

அப்புறம் எழுத்து. செவப்புல மஞ்சள் எழுத்து, அதுக்கு நீலத்துல ஓரம் கட்டி நிழல் குடுத்தா எடுப்பா இருக்கும்னேன். அவ, 'வெள்ளையில கறுப்பு போதும், எட்ட நின்னு பஸ்ஸுல போறவனுக்கும் தெரியும்'ங்கிறா. எழுத்து ரெண்டு விதத்துக்கு மேல வேணாமாம். வளைச்சு எழுத வேணாமாம். எல்லாம் ஒரே ஓரத்துல கோடு போட்டாப்புல ஆரம்பிக்கணுமாம், அங்க ஒண்ணு இங்க ஒண்ணா இருந்தா கண்ணு அலையுமாம். ஆறு நம்பரு போட்டேன், என்னுது ரெண்டு, கடைது, மச்சானுது, சம்பந்திது, அவளுது. 'பாக்கிறவன் எதுக்கு அடிப்பான்? ஒண்ணு போதும்'ங்கிறா. சம்பந்தி நம்பர விட்டுட்டு அவரு மூஞ்சியில நான் முழிக்க வேணாமா? எல்லாத்தையும் விட்டா அப்புறம் போஸ்டர்ல என்னதான் இருக்கும்?

'எல்லாரும் ஒரே நேரத்துல கத்துனா யாரு சொல்றதும் காதுல விழாதுண்ணே. ஒருத்தர் பேசணும், மத்தவங்க ஒதுங்கி நிக்கணும். தாளும் அப்படித்தான்'னா. என்ன ஒரு பேச்சு! நான் கத்துறேனாம். தம்பி, நான் கத்துறேனா இப்ப? ...இருங்க, இருங்க, முடிச்சிர்றேன். நீங்க நடுவுல நடுவுல வாயத் தொறந்தா எனக்குக் கோர்வை விட்டுப் போகுது.

என் படத்துக்குத்தான் பெரிய சண்டை. ஏன் போட்டேன்? சொல்றேன். சாத்தூர் வட்டாரத்துல என் மூஞ்சி தெரியாத ஆளு இல்ல. என் படம் இருந்தா, 'அட, நம்ம செயலாளர் வீட்டு விசயம், உண்மைதான்'னு நம்பிக்கை வரும். அதுக்குப் போட்டேன். வேற எதுக்கு? சங்க மாநாட்டுக்கு எடுத்தது, வெள்ளைச் சட்டை, மீசைய முறுக்கி விட்டு, கும்பிட்ட மாதிரி. நல்லா விழுந்திருக்கும், நீங்களே பாருங்க. அப்பா படம் பழசு, பெருசாக்குனா பொரிபொரியாப் போகுதுன்னு கம்ப்யூட்டர் ஆளு சொன்னான். அதனால அவர மேல முட்டைக்குள்ள வச்சோம். என் படம் தெளிவா இருந்துச்சு, அது நடுவுல வந்துருச்சு. படத்துக்குக் கீழ நம்பரு, பக்கத்துல மறதி விசயம். எடம் இருக்க எடத்துல வைக்கிறதுதான?

பூங்கனி மட்டும் விடல. 'சேந்தது எல்லாம் சேந்தாப்புல இருக்கணும்ணே. மறதி அப்பாவுக்கு, அது அப்பா படத்துக்குப் பக்கத்துல இருக்கணும். உன் பக்கத்துல வச்சா உனக்குன்னு ஆகிப்போகும்'னா. ஒரு தாள ஒட்டிப் பாத்துருவோம்னு எதுத்த சுவத்துல ஒட்டி, என்னைய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போனா. கண்ணப் பாதி மூடிக்கிட்டுப் பாருன்னா. கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்களாம், கண்ணச் சுருக்கிப் பாத்தா எது மொதல்ல தெரியுதோ அதுதான் ஊருக்கும் தெரியுமாம். நடுரோட்டுல ரெண்டு பேரும் கண்ணச் சுருக்கிக்கிட்டு நிக்கிறோம், லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். 'என்ன தெரியுது?'ன்னா. 'எல்லாந்தான் தெரியுது'ன்னேன். 'எனக்கு உன் மொகந்தான்ணே தெரியுது. காணவில்லை, அதுக்குக் கீழ நீ'ன்னா. 'தெரியட்டும்லத்தா, அதுக்குத்தான போட்டிருக்கேன்'னேன்.

அப்ப ஒரு வார்த்தை சொன்னா பாருங்க, அது இன்னும் ஆறல. 'நீ அப்பாவத் தேடுறியா, உன்னையத் தேடச் சொல்றியா?'ன்னா. நடுரோட்டுல வச்சு! கூடப் பொறந்தவ! நான் வாய்க்கு வந்தத எல்லாம் சொல்லிட்டேன். சீயக்காய் விக்கிறவ சீயக்காய விக்கட்டும்னேன். அழுதுக்கிட்டே போனா. அன்னையில இருந்து பேச்சு இல்ல.

ஒட்டுனோம். சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, உங்க ஊரு. மறுநாள் காலையில கடையத் தொறக்கிறேன், ஆலம்பட்டிக்காரர் ஒருத்தரு கையில மாலையோட நிக்கிறாரு. 'பெரியவரு எப்ப தவறுனாரு? எப்ப எடுக்கிறீங்க?'ங்கிறாரு. 'யாருய்யா தவறுனது? வாசிக்க மாட்டீங்களா?'ன்னு கத்திட்டேன். மேல மாலையோட முட்டைக்குள்ள இருந்தா செத்தவருன்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டாரு. அவரு மட்டும் இல்ல, நாலஞ்சு பேரு. சாமிக்குக் கீழ இருக்கிறவர் தெய்வமாயிட்டவராம். அவரு ஆசியோட வேற யாரையோ தேடுறோம்னு நெனச்சாங்களாம். வாசிச்சா என்னங்கிறேன். அம்புட்டு விவரமும் கீழ அச்சடிச்சிருக்கு, ஒருத்தனுக்கு நின்னு வாசிக்கப் பொறுமை இல்ல. ஜனங்கதான் சரியில்ல, போஸ்டர் என்ன பண்ணும்?

அப்புறம் போன் வர ஆரம்பிச்சது. அத ஏன் கேக்கிறீங்க. 'சார், போஸ்டர்ல உள்ளவரு இங்க விளாத்திகுளம் டீக்கடையில நிக்கிறாரு'ன்னு ஒருத்தன். விழுந்தடிச்சு ஓடுனேன். நான் விளாத்திகுளத்துல இருந்து அப்பத்தான் எட்டயபுரம் வந்து இறங்கியிருக்கேன், திரும்ப அங்கயே ஓடுறேன். போனா ஆளு இல்ல. 'இப்பத்தான் சார் இருந்தாரு, எல்லாரையும் சத்தம் போட்டு வஞ்சுக்கிட்டு இருந்தாரு'ங்கிறாங்க. அங்க இருக்கும்போது எட்டயபுரத்துல இருந்து போன். 'பஸ் ஸ்டாண்டுல பாத்தோம், பிடிக்கப் போனோம், விளாத்திகுளம் பஸ்ஸுல ஏறிட்டாரு.' கயத்தாறுலயும் அப்படித்தான். நான் போற ஊருக்கெல்லாம் அந்த ஆளும் போறான் தம்பி! நான் கிளம்புனா கிளம்புறான். ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய் இறங்குறேன், அப்பா நிப்பாரு, அப்பா நிப்பாருன்னு. ஒரு வாரமா இதே பொழப்பு.

எனக்குச் சந்தேகம், எவனோ அப்பா மாதிரியே ஒருத்தன் சுத்துறான். அடையாளம் கேட்டேன் எல்லார்கிட்டயும். சொட்டைத் தலையாம். முறுக்கு மீசையாம். எங்க அப்பா ஒரு நாளும் மீசைய முறுக்குனதே கெடையாது. சத்தமாப் பேசுவானாம், யாரையும் பேச விட மாட்டானாம். நீலத்துல கட்டம் போட்ட சட்டை...

...

நீலக் கட்டம்தான் இது. ஆமா.

என்ன அப்படிப் பாக்கிறீங்க? எனக்குத் தெரியுது. சொல்ல வேணாம். இன்னொரு டீ போடுங்க, சீனி வேணாம்.

ஒரு வாரமா நான் என் பின்னாடியே ஓடியிருக்கேன்னு சொல்லுங்க. சனியன்! இந்த ஓட்டத்துல எங்க அப்பா எந்த ஊர்ல எந்தத் திண்ணையில கெடக்காரோ. பூங்கனி கேட்டா என்ன சொல்லுவேன்? அவ போன்லயாவது பேசுவா, வைவான்னு பாத்தேன். வையக் கூட இல்ல. அந்தப் பனியன் படத்த மட்டும் எனக்கு அனுப்பி விட்டா. ஒரு எழுத்து இல்ல, வெறும் படம். நானும் ஒருத்தர்கிட்டயும் காட்டல, காட்டக் கூச்சமா இருந்துச்சு. சரி, இப்பப் பாருங்க. இதுதான் எங்க அப்பா. மாலை இல்ல, ஒண்ணும் இல்ல. நூலு கட்டுன கண்ணாடி, தெரியுதா?

ஏன் எந்திரிக்கிறீங்க?

பாத்திருக்கீங்களா? தம்பி, பாத்திருக்கீங்களா? சொல்லுங்க. இல்ல, நான் பேசல. வாய மூடிட்டேன். நீங்க சொல்லுங்க.

...

இங்கயா? இங்கயேவா?

நாலஞ்சு நாளாவா... நீங்கதான் இட்லி வாங்கிக் குடுத்தீங்களா. ராத்திரி உங்க கடை பெஞ்சுலயா படுக்கிறாரு. வீடு எங்கன்னு கேட்டா சொல்லத் தெரியல, சரி. பேரு? 'பாண்டிக்கு அப்பா'ன்னு மட்டும் சொன்னாரா. அப்புறம்? இந்தப் போஸ்டரயா? கிழிச்சு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு... வர்ற பஸ்ஸுல எல்லாம் ஏறி... ஒவ்வொருத்தர்கிட்டயும் காட்டி... என்னன்னு கேக்கிறாரு?

'எம் மகனக் காணோம்'னா?

எம் மொகத்தக் காட்டியா?

...

அவருக்குப் பெரிய எழுத்துதான் தெரியும் தம்பி. சின்னது தெரியாது. காணவில்லைங்கிறத வாசிச்சிருப்பாரு. அதுக்குக் கீழ நான் இருந்தேன். மேல இருக்க முட்டை தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சாலும் அது யாருன்னு அவருக்குத் தெரியாது. ஆனா என்னையத் தெரிஞ்சிருச்சு. வீட்டுல வச்சு யாரு வீட்டுப் புள்ளைன்னு கேட்ட மனுசன், சுவத்துல பாத்ததும் அடையாளம் கண்டுட்டாரு. என்னையத் தேடுறாரு. இந்த வெயில்ல, இந்தக் காலு வலியோட.

அதான் என்னைப் பாத்ததும் கையப் பிடிச்சீங்களா. அதான் ஆள் அனுப்பிச்சீங்களா. அப்பா காலையில இருந்து ஸ்டேஷன்லயா, ரயில்ல வர்ற ஆளுங்ககிட்டக் கேக்கப் போயிருக்காரா. இத ஏன் தம்பி மொதல்லயே சொல்லல?

ஆமா. சொல்லத்தான் வந்தீங்க. நாந்தான் விடல.

இந்தாங்க, என் போன். பூங்கனின்னு இருக்கும், அடிச்சு நீங்களே சொல்லுங்க. என்னால பேச முடியாது. கிடைச்சுட்டாருன்னு மட்டும் சொல்லுங்க, அது போதும், வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.

அந்தா வர்றாரு. அந்தா, மூட்டைக்காரர் தோளப் பிடிச்சுக்கிட்டு. பாருங்க, எப்படி நொண்டுறாரு. அப்பா! மெல்லப்பா, மெல்ல. பஸ்ஸு வருது, பாத்து! கையில என்னப்பா, அந்தக் கருமம் எதுக்குப்பா இன்னும், கீழ போடுங்க. நாந்தான்ப்பா. பாண்டிதான்.

என்னப்பா? எங்க போயிருந்தேனா?

அழாதீங்கப்பா. நான் எங்கயும்... தம்பி, அவருக்கு ஒரு ஸ்டூலப் போடுங்க. அழாதீங்கப்பா, எல்லாரும் பாக்கிறாங்க. பாத்தாப் பாத்துட்டுப் போறாங்க. கையப் பிடிச்சுக்கிறீங்களா, பிடிச்சுக்கங்க, விடாதீங்க.

ஆமாப்பா. நாந்தான் தொலைஞ்சு போயிட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.